மலைக்குப் பின்னால் ஒரு மீனவர் துறை: கடகேஸ்

ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், பிரெஞ்சு எல்லைக்குச் சற்றுத் தெற்கே, பிரனீஸ் மலைத்தொடர் மத்தியதரைக் கடலுக்குள் இறங்கி முடிகிறது. அந்த முடிவில் கடலை நோக்கி நீண்டு நிற்கும் பாறை நிலம் கிரெவுஸ் முனை. ஐபீரியத் தீபகற்பத்தின் கிழக்குக் கோடி இதுவே. முனையின் தென்புற மடிப்பில், தென்கிழக்கு நோக்கித் திறந்த ஒரு சிறு விரிகுடாவைச் சுற்றி, வெள்ளையடித்த வீடுகளோடு அமர்ந்திருக்கிறது கடகேஸ். நிலையாக வாழ்வோர் ஏறத்தாழ 3,000 பேர்.

கட்டலோனியாவின் இந்தக் கரைக்குக் கோஸ்தா பிராவா, அதாவது முரட்டுக் கரை, என்ற பெயரை 1908-இல் ஃபெரான் அகுலோ என்ற பத்திரிகையாளர் வழங்கினார். 1960-களுக்குப் பிறகு சுற்றுலா வெள்ளமாக வந்தபோது, முரடு குறைந்த இடங்களிலெல்லாம் அடுக்குமாடி விடுதிகள் எழும்பின. கடகேஸ் பெரும்பாலும் தப்பியது. ஊர்க்காரர்களின் ரசனைக்கும் பிடிவாதத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் முதல் காரணம் ஊரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பெனி மலை. வீடு, பேச்சு, உணவு, ஓவியம் என்று இவ்வூரில் எதை எடுத்தாலும் அந்த மலையும் அதற்கு எதிரே உள்ள கடலும் சேர்ந்து செய்ததாகவே இருக்கிறது.

ஃபிகேரஸ்: காற்றுக்கு வேலி போட்ட சமவெளி

கடகேஸுக்குச் செல்லும் வழி எம்போர்தா சமவெளியில் தொடங்குகிறது. ஃபிகேரஸ் அச்சமவெளியின் சந்தை நகரம். நகரை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுபவை வயல்களின் ஓரத்தில் நெருக்கி நட்ட சைப்ரஸ் மரங்கள். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. த்ரமுந்தானா என்று இங்கே அழைக்கப்படும் வடகாற்றிலிருந்து பயிரைக் காப்பதற்கான உயிர்வேலிகள் அவை. பிரனீஸைத் தாண்டி வந்து விழும் இந்தக் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், சில சமயம் நாள்கணக்கில், ஓயாமல் வீசும். மழைக்காற்று அன்று, வறண்ட, குளிர்ந்த காற்று. அது வீசும் நாட்களில் வானில் ஒரு தூசு தங்காது. வடமேற்கே 2,784 மீட்டர் உயரக் கனிகோ சிகரம், பனியின் மடிப்புகள் தெரியும் அளவுக்குத் தெளிவாக எழுந்து நிற்கும்.

எம்போர்தா மக்களின் குணத்தையே இந்தக் காற்றோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். யாராவது சற்று விசித்திரமாக நடந்துகொண்டால், அவரைக் காற்று தொட்டுவிட்டது என்பார்கள். கேப்ரியல் கார்சியா மார்க்கேஸ் இந்தக் காற்றின் பெயரையே தலைப்பாக வைத்து, கடகேஸைக் களமாகக் கொண்டு ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார்.

சல்வடோர் டாலி 1904-ஆம் ஆண்டு மே 11 அன்று ஃபிகேரஸில் பிறந்தார். உள்நாட்டுப் போரின் இறுதியில் எரிந்து கூரையிழந்த நகர நாடக அரங்கை அவர் தன் அருங்காட்சியகமாக மாற்றி 1974-இல் திறந்தார். 1989-இல் இறந்தபோது அந்த அரங்கின் மேடைக்குக் கீழேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கு ஞானஸ்நானம் அளித்த தேவாலயம் அதே தெருவில் எதிர்ப்புறம் இருக்கிறது. பெரும்பாலான பயணிகள் இங்கேயே டாலியைப் பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். அவருடைய ஓவியங்களில் வரும் பாறை, ஒளி, வெறுமையான கரை ஆகியவை மலைக்கு அப்பால் இருப்பதால், இங்கே திரும்புவது பாதி வழியில் திரும்புவதுதான்.

ரோசஸ்: வளைகுடாவின் ஓரம்

சமவெளி முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் ரோசஸ் இருக்கிறது. பண்டைய கிரேக்கர்கள் ரோடே என்ற பெயரில் குடியேறிய துறை இது. வளைகுடாவின் எதிர்க்கரையில் அவர்களுடைய மற்றொரு குடியேற்றமான எம்புரியாஸின் இடிபாடுகள் உள்ளன. மீனை உப்பிட்டுப் பாதுகாக்கும் தொழில் அந்தக் காலத்திலிருந்தே இந்த வளைகுடாவில் தொடர்ந்து வருகிறது.

இன்றைய ரோசஸ் நீண்ட மணற்கரையும் வரிசையான விடுதிகளும் கொண்ட கோடை நகரம். ஊரைத் தாண்டி மலைச்சரிவில் இருக்கும் மோன்ட்ஜோய் என்ற சிறு குடாவில்தான் ஃபெரான் அட்ரியா நடத்திய எல் புல்லி உணவகம் இயங்கியது. உலகச் சமையல் கலையைப் பல ஆண்டுகள் ஆட்டிவைத்த அந்த உணவகம் 2011-இல் மூடப்பட்டு, பின்னர் அதே இடத்தில் ஒரு காட்சிக்கூடமாக மாறியது. மணலும் சமதளமும் ரோசஸோடு முடிகின்றன.

பெனி மலை: கல் அடுக்கிய சரிவுகள்

ரோசஸுக்குப் பின் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. பெனி மலையின் உச்சி 613 மீட்டர்தான்; உயரத்தால் மிரட்டும் மலை அன்று. ஆனால் கடகேஸை நாட்டின் மற்றப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகள் பிரித்து வைக்க அந்த உயரமே போதுமானதாக இருந்தது. வண்டிச் சாலை வருவதற்கு முன்பு ஃபிகேரஸுக்குப் போக வேண்டுமென்றால் கழுதைப் பாதையில் மலை ஏறி இறங்க வேண்டும். கடலில் போவது அதைவிட எளிது. ஃபிகேரஸைப் பார்த்தவர்களைவிட ஹவானாவைப் பார்த்தவர்கள் கடகேஸில் அதிகம் என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது.

ஏறும் வழியில் கவனம் தானாகச் சரிவுகளின் மேல் படியும். மலையின் அடியிலிருந்து கிட்டத்தட்ட உச்சிவரை, சுண்ணாம்போ மண்சாந்தோ இல்லாமல் கருங்கற்பலகைத் துண்டுகளை அடுக்கிக் கட்டிய தாழ்வான சுவர்கள், வரிசைக்கு மேல் வரிசையாகச் செல்கின்றன. ஒவ்வொரு சுவரும் ஒரு துண்டு மண்ணைத் தாங்கி நிற்கிறது. இடையிடையே மழைக்கு ஒதுங்கவும் கருவிகளை வைக்கவும் கட்டிய கற்குடில்கள். ஒரு காலத்தில் இவை அத்தனையும் திராட்சைத் தோட்டங்கள். மீன் பிடிப்பதோடு திராட்சையும் ஒலிவமும் வளர்த்து, மதுவையும் எண்ணெயையும் கப்பலேற்றி விற்றதுதான் ஊரின் பொருளாதாரம்.

1879-இல் பிரான்சிலிருந்து எல்லை தாண்டி எம்போர்தாவுக்குள் நுழைந்தது ஃபிலாக்சேரா. கொடியின் வேரை உறிஞ்சிக் கொல்லும் சிறு பூச்சி அது. சில ஆண்டுகளில் இம்மலையின் கொடிகள் அனைத்தும் காய்ந்தன. தலைமுறை தலைமுறையாகக் கல் அடுக்கியவர்களின் பிள்ளைகள் கியூபாவுக்குக் கப்பல் ஏறினார்கள். மிஞ்சிய சரிவுகளில் ஒலிவ மரங்கள் நின்றன. 1956 பிப்ரவரியில் விழுந்த கடும் உறைபனி அவற்றிலும் பெரும்பாலானவற்றை அழித்தது. இன்று சுவர்கள் மட்டும் இருக்கின்றன, புதர் மூடி, சில இடங்களில் சரிந்து. உலகப் புகழ் பெற்ற ஓவியர்களின் பெயர்களைச் சொல்லி அறிமுகமாகும் இவ்வூரின் மிகப் பெரிய கலைப்படைப்பு இந்தச் சரிவுகள்தான் என்று சொல்வது மிகையாகாது. அதைச் செய்தவர்களில் ஒருவர் பெயரும் எழுதிவைக்கப்படவில்லை.

கணவாயைக் கடந்ததும் கடகேஸின் விரிகுடா கீழே தெரிகிறது. சாலை இறங்கத் தொடங்குகிறது.

கடகேஸ்: துறையும் தெருக்களும்

விரிகுடாவின் கரை ஒரே நேர்க்கோடாக இல்லை. சிறு சிறு கூழாங்கல் கரைகளாக, ஒவ்வொன்றும் தனிப் பெயரோடு, மடிந்து மடிந்து செல்கிறது. மணல் மிகக் குறைவு. நாள் முழுதும் மணலில் படுத்திருக்க விரும்பும் கூட்டம் இங்கே வராததற்கு அதுவும் ஒரு காரணம். கரையேற்றிய படகுகளுக்கு மேலே வீடுகள், அவற்றுக்கு மேலே இன்னும் வீடுகள், எல்லாவற்றுக்கும் உச்சியில் சாந்தா மரியா தேவாலயம்.

அந்த உச்சிக்கு ஏறும் சந்துகளில் தரை வித்தியாசமானது. பலகைக் கற்களைப் படுக்க வைக்காமல், விளிம்பு மேலே தெரியும்படி செங்குத்தாக நெருக்கிப் புதைத்திருக்கிறார்கள். மழையிலும் கால் வழுக்காது. பழைய காலத்துப் பெண்கள் பச்சை மெருகிட்ட மண்குடங்களில் தண்ணீர் எடுத்துத் தலையில் சுமந்து ஏறிய பாதைகள் இவை. சந்துகள் இவ்வளவு குறுகலாக, இவ்வளவு வளைந்து இருப்பதற்குக் காற்றும் காரணம், கொள்ளையரும் காரணம். 1543-இல் துருக்கியக் கடற்படைத் தலைவன் பார்பரோசாவின் கப்பல்கள் வந்து ஊரை எரித்தன; பழைய தேவாலயமும் அதில் போயிற்று. இன்று நிற்பது பின்னர் எழுந்த கட்டடம். விடுமுறை நாட்களில் பிடித்த மீனின் வருமானத்தை மீனவர்கள் இந்தத் திருப்பணிக்கு ஒதுக்கினார்கள் என்று ஊர் வரலாறு சொல்கிறது.

வெளியே ஓர் அலங்காரமும் இல்லாத வெள்ளைச் சுவர். உள்ளே நுழைந்தால், மரத்தில் செதுக்கிப் பொன்முலாம் பூசிய 18-ஆம் நூற்றாண்டுப் பீடம் தரையிலிருந்து விதானம்வரை எழுகிறது. தேவதைகளும் புனிதர்களும் முறுக்குத் தூண்களும் இடைவெளியின்றி நிறைந்த அதன் வேலைப்பாட்டில் சிற்பி பாவ் கோஸ்தாவின் பங்கு முக்கியமானது. மீன் வாடையும் உப்புக் காற்றும் நிறைந்த ஒரு சிறு துறை, தன் கையிலிருந்த பொன்னையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைத்தது என்பது அங்கே தெரிகிறது.

கடற்கரையோரம் நடந்தால் நீலப் பீங்கான் ஓடுகளால் அலங்கரித்த ஒரு மாளிகை வெள்ளை வீடுகளுக்கு நடுவே தனித்துத் தெரியும். கியூபாவில் பொருள் ஈட்டித் திரும்பிய ஒருவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வீடு அது. பூச்சியால் துரத்தப்பட்டுக் கடல் கடந்தவர்களில் வெற்றி பெற்றவர்கள் கொண்டுவந்தது பணம். மற்றவர்கள் கொண்டுவந்தது பாட்டு. ஹவானாவின் மெட்டில் அமைந்த ஹபனேரா பாடல்கள் இக்கரை முழுதும் இன்றும் கோடை இரவுகளில் பாடப்படுகின்றன. உடன் ரம் மதுவில் இலவங்கப்பட்டை, எலுமிச்சைத் தோல், காப்பிக்கொட்டை போட்டுத் தீ மூட்டி எரித்த சூடான பானத்தைப் பகிர்ந்து குடிப்பது மரபு.

ஊர் மக்களைச் சந்திக்க ஏற்ற இடம் 1870-இல் தொடங்கிய 'அமிஸ்தாத்' என்ற நட்புக் கழகம். கடலைப் பார்த்த பெரிய வளைவுச் சன்னல்களும் உயர்ந்த கூரையும் கொண்ட அந்தக் கூடத்தில், முதியவர்கள் பிற்பகல் முழுதும் சீட்டாடுகிறார்கள். வெளியூர்க்காரர் ஒரு காப்பியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். அவர்கள் பேசும் கட்டலான், பார்சலோனாவில் கேட்பதிலிருந்து வேறுபட்டது. சொல்லுக்கு முன் வரும் சிறு உறுப்புகள் மயோர்க்கா தீவுக்காரர்கள் பேசுவது போல் ஒலிக்கும். மற்றக் கரைகளில் பெரிதும் மறைந்துவிட்ட இந்தப் பழைய பேச்சை இங்கே தக்கவைத்ததும் மலைதான்.

மீன்பிடிப்பதை வாழ்வாகக் கொண்டவர்கள் இப்போது மிகச் சிலர். முன்பு கரையோரக் குடாக்களில் எந்த இரவில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் வழக்கம் இருந்தது. நல்ல குடாவும் மோசமான குடாவும் எல்லார்க்கும் முறைவைத்து வரும். படகின் பின்புறம் தீ மூட்டி, வெளிச்சத்துக்கு மேலெழும் மீன்கூட்டத்தை வளைத்துப் பிடிப்பார்கள். பாறைக்கு அடியில் வளரும் செம்பவளத்தை எடுக்க, வலைத்துண்டுகள் கட்டிய மரச்சிலுவையைக் கடலடியில் இழுத்துச் செல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலோகத் தலைக்கவசம் அணிந்த கிரேக்க முக்குளிப்போர் வந்து அத்தொழிலை மாற்றினர்.

இந்தக் கடலின் பவளத்துக்குத் தமிழகக் கரையோடும் பழைய உறவு உண்டு. மேற்கிலிருந்து முசிறிக்கு வந்திறங்கிய சரக்குகளில் பவளத்தையும் குறிப்பிடுகிறது முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ். நவமணிகளில் ஒன்றாகத் தமிழ்ப் பெண்கள் அணிந்த செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைந்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூடத் தடிக்காத அந்த உயிரை இரண்டாயிரம் ஆண்டுகள் வெட்டி எடுத்த பிறகு, இக்கரையில் பவளம் எடுப்பதற்குக் கட்டலோனிய அரசு 2017-இல் பத்தாண்டுத் தடை விதித்தது. மிகத் தாமதமாக வந்த, ஆனால் மிகச் சரியான முடிவு அது.

கடகேஸ்: அடுப்பங்கரை

கடகேஸின் சமையலில் ஆடம்பரம் இல்லை. படகில் விலைபோகாமல் மிஞ்சிய மீனை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளே பெரும்பாலான உணவுகள். சுகேட் என்ற மீன்குழம்பு அவற்றில் முதன்மையானது. பூண்டும் தக்காளியும் எண்ணெயில் வதங்கியதும் உருளைக்கிழங்கும் முள் நிறைந்த பாறைமீன்களும் சேரும். இறக்கும் முன் வறுத்த பாதாம், பூண்டு, பொரித்த ரொட்டி, பார்ஸ்லி இலை ஆகியவற்றைக் கல்லுரலில் இடித்துக் கலப்பார்கள். குழம்பு கெட்டிப்படுவதும் மணப்பதும் அந்த இடியலால்தான். மிளகாயின் காரமும் புளியின் புளிப்பும் இல்லாத மீன்குழம்பு தமிழ் நாவுக்கு முதலில் ஏதோ குறைவதுபோல் இருக்கும். இரண்டாவது கவளத்தில் மீனின் சுவை தனியே எழுந்துவரும்.

நெத்திலியின் கதை இன்னும் சுவையானது. தமிழ்க் கரையில் நெத்திலியை வெயிலில் காயவைத்துக் கருவாடாக்குகிறார்கள். இங்கே அதன் உறவு மீனை வெயிலுக்கே காட்டுவதில்லை. தலையையும் குடலையும் கிள்ளி, ஓர் அடுக்கு மீன் ஓர் அடுக்கு உப்பு என்று சாடியில் நிரப்பி, மேலே பாரம் வைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். தசை மெல்லச் சிவந்து, மென்மையாகி, தனி மணம் கொள்கிறது. பின் உப்பைக் கழுவி, முள்ளை உருவி, ஒலிவ எண்ணெயில் போட்டு, சமைக்காமலே ரொட்டியோடு உண்பார்கள். அந்த ரொட்டியில் முதலில் பழுத்த தக்காளியைப் பாதியாக வெட்டித் தேய்த்து, எண்ணெயும் உப்பும் தூவியிருப்பார்கள். கட்டலோனியாவில் ஏழை வீடு, பெரிய உணவகம் என்ற வேறுபாடு இல்லாமல் மேசைக்கு வரும் உணவு அது. ரோசஸ் வளைகுடாவின் தென்கரையில் உள்ள லஸ்கலா ஊர் இந்த உப்பு நெத்திலிக்கு நாடெங்கும் பெயர் பெற்றது.

குளிர்காலத்தில் வருபவருக்குக் கடல் முள்ளெலி கிடைக்கும். சனவரி முதல் மார்ச் வரை அதன் பருவம். முட்கள் நிறைந்த ஓட்டைக் கத்தரித்துத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறச் சினையைக் கரண்டியால் வழித்துப் பச்சையாகவே உண்பார்கள். இனிப்பு வேண்டுவோர்க்கு, பாட்டில் தக்கை வடிவில் சுட்ட சிறு பஞ்சுக் கேக்குகள் உண்டு. அவை ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

கோடையில் சந்துகள் நிரம்பி வழிகின்றன. அக்டோபருக்குப் பிறகு வரும் கடகேஸ் வேறொன்று. பல கடைகள் கதவடைக்கும், வீடுகளில் பெரும்பகுதி வெளியூர்க்காரர்களின் இரண்டாம் வீடுகள் என்பதால் சாளரங்கள் இருளும். உள்ளூர் இளைஞர்கள் குடும்பம் நடத்த ஒரு வீடு தேடுவது கடினமாகிவிட்டது. தப்பிப் பிழைத்த அழகு ஊரின் விலையை உயர்த்தியிருக்கிறது. அந்த விலையைக் கொடுப்பவர்கள் அங்கேயே பிறந்தவர்கள் என்பதை வருகிறவர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

போர்ட்லிகாட்: மீனவர் குடிசையில் ஓவியர்

ஓவியர்களைக் கடகேஸுக்கு இழுத்து வந்தது பார்சலோனாவைச் சேர்ந்த பிச்சோட் குடும்பம். ஓவியர் ராமோன் பிச்சோட்டின் அழைப்பின்பேரில் 1910 கோடையில் பிக்காசோ இங்கே தங்கினார். பாறைகளும் பெட்டி பெட்டியான வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இந்தத் துறையில் அவர் வரைந்த படங்களில், உருவங்கள் உடைந்து தளங்களாகவும் கோடுகளாகவும் மாறிவிட்டன. அவருடைய கியூபிசம் அருவத்துக்கு மிக அருகே சென்றது அந்தக் கோடையில்தான்.

டாலியின் தந்தை கடகேஸில் பிறந்தவர். குடும்பத்துக்கு இங்கே லியானே கரையில் கோடை வீடு இருந்தது. 1925-இல் கவிஞர் ஃபெடெரிகோ கார்சியா லோர்கா அந்த வீட்டுக்கு விருந்தினராக வந்தார். அதே ஆண்டு டாலி வரைந்த, சன்னலில் சாய்ந்து விரிகுடாவைப் பார்க்கும் தங்கையின் பின்தோற்றம், இன்று மாட்ரிடின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் உள்ளது. 1929 கோடையில் கவிஞர் பால் எலுவாரும் அவர் மனைவி காலாவும் வந்தனர். காலா திரும்பிப் போனாலும் டாலியின் வாழ்விலிருந்து போகவில்லை. அந்த உறவாலும் மகனின் போக்காலும் வெகுண்ட தந்தை அவரை வீட்டைவிட்டு விலக்கினார்.

ஊரிலிருந்து ஒரு குன்றைத் தாண்டினால் போர்ட்லிகாட். எதிரே ஒரு தீவு அடைத்து நிற்பதால் ஏரிபோல் அசையாத நீர் கொண்ட சிறு குடா. 1930-இல் அங்கே லிடியா என்ற பெண்மணியிடமிருந்து, அவருடைய பிள்ளைகள் மீன்பிடிக் கருவிகள் வைத்திருந்த குடிசையை டாலி வாங்கினார். லிடியாவே ஒரு தனிக் கதை. வெளியூரிலிருந்து வருவோருக்குத் தங்க இடம் கொடுத்த மீனவக் குடும்பத்துப் பெண் அவர். ஒரு காலத்தில் அவர் வீட்டில் தங்கிய எழுத்தாளர் எயுஜெனி தோர்ஸ் எழுதிய நூலின் நாயகி தானே என்று லிடியா உறுதியாக நம்பினார். பத்திரிகைகளில் அந்த எழுத்தாளர் எழுதும் பத்திகளில் தனக்கு மறைமுகச் செய்திகள் இருப்பதாகப் படித்துக் காட்டுவார். ஊர் அவரைப் பித்துப்பிடித்தவர் என்றது. டாலி அவர் பேச்சை மரியாதையோடு கேட்டார். தொடர்பற்றவற்றைத் தொடர்புபடுத்தும் தன் ஓவிய முறைக்கு அவரை ஓர் ஆசானாகவே கருதினார்.

அந்தக் குடிசை நாற்பது ஆண்டுகளில் பக்கத்துக் குடிசைகளையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. திட்டமிட்ட மாளிகையாக எழாததால் வீட்டுக்குள் நேர்வழி கிடையாது. குறுகிய படிகள், திடீர் திருப்பங்கள், ஒவ்வொரு மட்டத்திலும் வெவ்வேறு அளவில் சன்னல்கள், ஒவ்வொன்றிலும் அதே குடாவின் வேறொரு துண்டு. நுழைவாயிலில் நகையணிந்த பாடம்செய்த வெண்கரடியும் கூரையில் பெரிய வெள்ளை முட்டைகளும் வருபவரின் கண்ணை இழுக்கும். ஆனால் நின்று பார்க்க வேண்டியது ஓவியக்கூடம். உட்கார்ந்தபடியே பெரிய திரைகளில் வரைவதற்காக, தரையில் உள்ள பிளவு வழியாகத் திரையை ஏற்றி இறக்கும் பொறி அங்கே இருக்கிறது. படுக்கையறையில், கட்டிலில் இருந்தே சூரியோதயம் தெரியும்படி ஒரு கண்ணாடியை வைத்திருந்தார். ஸ்பெயினிலேயே முதல் கதிரைப் பார்ப்பவர் தாமே என்று பெருமைப்பட்டார். நிலப்பரப்பின் கிழக்குக் கோடியில் வாழ்ந்தவர் அப்படிச் சொல்ல இடம் உண்டு.

1982-இல் காலா இறந்ததும் டாலி இந்த வீட்டை விட்டுச் சென்றார். 1997 முதல் அது பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. டாலி இங்கே வாழ்ந்த காலத்தில், விளம்பரமே விரும்பாத இன்னொரு கலைஞரும் கடகேஸில் கோடைகளைக் கழித்தார்: மார்செல் டூஷாம். 1958-இலிருந்து 1968-இல் இறக்கும்வரை ஆண்டுதோறும் வந்து, கரையோர மெலித்தோன் விடுதியில் சதுரங்கம் ஆடினார். நியூயார்க்கில் அவர் ரகசியமாக உருவாக்கிய கடைசிப் படைப்பில் உள்ள பழைய மரக்கதவு எம்போர்தாவின் லா பிஸ்பால் ஊரிலிருந்து கொண்டுபோனது.

கிரெவுஸ் முனை: பாறையும் துதேலாவும்

போர்ட்லிகாட்டுக்கு வடக்கே மரங்கள் குறைந்து, பின் இல்லாமலே போகின்றன. தகட்டுப் பாறையும் அதை ஊடுருவிய வெளிர்நிறப் பெக்மடைட் பாறையும் காற்றாலும் உப்பாலும் அரிக்கப்பட்டு, குழிந்து, துளைபட்டு, விலங்குகளாகவும் முகங்களாகவும் தோன்றுகின்றன. நடந்து நகரும்போது ஒட்டகம் கழுகாக மாறும். மீனவர்கள் இவற்றுக்கு முன்பே பெயரிட்டுவிட்டார்கள். டாலி 1931-இல் வரைந்த 'நினைவின் நிலைபேறு' ஓவியத்தில் உருகும் கடிகாரங்களுக்குப் பின்னால் தெரியும் செம்மஞ்சள் பாறைக்கரை இதுவே. திரைப்பட இயக்குநர் புனுவேல் 1930-இல் எடுத்த 'பொற்காலம்' படத்தின் தொடக்கக் காட்சிகளும் இங்கே படமாக்கப்பட்டன. டாலியின் ஓவியங்களைக் கனவு என்று மட்டும் அறிந்தவர்களுக்கு இந்த இடம் அதிர்ச்சி தரும். அவற்றில் பாதி கண்ணால் பார்த்து வரைந்தவை.

முனையின் கோடியில் 1853-இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம். பிரனீஸ் முழுவதையும் அட்லாண்டிக் கரையிலிருந்து குறுக்கே கடந்து வரும் நெடும் நடைபாதை இங்கே முடிகிறது. 1998-இல் நிலமும் கடலுமாக ஏறத்தாழ 13,800 ஹெக்டேர் பரப்பு இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

வழியில் உள்ள துதேலா என்ற பாறைத் திடலில் நடந்தது தனியே சொல்லத் தக்கது. 1960-களின் தொடக்கத்தில் கிளப் மெட் நிறுவனம் அங்கே ஒரு கோடைக் குடியிருப்பைக் கட்டியது. நூற்றுக்கணக்கான வெள்ளைக் குடில்கள், சாலைகள், தோட்டங்கள். 2000-களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டதும் அரசு நிலத்தை வாங்கியது. 2009, 2010 ஆண்டுகளில் 430 கட்டடங்களையும் பிரித்து எடுத்தார்கள். இடிபாடுகளைத் தரம்பிரித்து மறுபயன்பாட்டுக்கு அனுப்பினார்கள். தோட்டத்திலிருந்து பரவிப் பாறைகளை மூடிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்கச் சதைப்பற்றுச் செடியைச் சுமார் 90 ஹெக்டேர் பரப்பிலிருந்து கையால் பிடுங்கினார்கள். மழைநீர் ஓடிய பழைய தடங்களைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். நிலவடிவமைப்பாளர் மார்ட்டி ஃபிராங்க் குழுவினரின் இந்தப் பணி 2012-இல் பன்னாட்டு விருதுகள் பெற்றது. கடற்கரையில் கட்டியதை இடித்து இயற்கைக்குத் திருப்பித் தருவது உலகில் அரிதாகவே நடக்கிறது. இங்கே அது நடந்திருக்கிறது, முழுமையாக நடந்திருக்கிறது. இப்போது அங்கே நடப்பவருக்குக் காட்ட ஒரு பாதையும் துருநிற எஃகில் செய்த சில பார்வைச் சட்டங்களும் மட்டுமே உள்ளன.

போர்ட் டெ லா செல்வா: திரும்பும் கொடிகள்

முனையின் வடக்குச் சரிவில் இறங்கினால் போர்ட் டெ லா செல்வா துறை. அதற்கு மேலே, வெர்தேரா மலையின் நடுவில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது சான் பெரே டெ ரோதெஸ் மடம். 878-ஆம் ஆண்டு ஆவணத்தில் முதலில் பெயர் காணப்படும் இந்த பெனடிக்டின் மடத்தின் தேவாலயம் 1022-இல் அர்ச்சிக்கப்பட்டது. 1798-இல் துறவிகள் வெளியேறிய பின் கல்லுக்காகவும் சிற்பத்துக்காகவும் கொள்ளையடிக்கப்பட்டு, பின்னர் மீட்டுக் கட்டப்பட்டது. இம்மலைகளில் திராட்சை பயிரிடுவதை வளர்த்ததில் துறவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

கடகேஸிலிருந்து இங்கு வரும் சாலைக்கு அருகே, பெராஃபிதா என்ற பழைய பண்ணையைச் சுற்றிய சரிவுகளில், அந்தக் கொடிகள் திரும்பி வருகின்றன. நூறு ஆண்டுகளுக்கு மேல் தரிசாய்க் கிடந்த அடுக்குகளில் புதர் நீக்கி, சரிந்த கல்லை எடுத்து அடுக்கி, மீண்டும் நட்டிருக்கிறார்கள். சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு நாடுகளின் பொது மரபாகப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இங்கே அந்தச் சுவர்கள் தேவைப்படுவது வேறொரு காரணத்துக்கும்கூட. பயிர் போன இடமெல்லாம் உலர்ந்த புதர் வளர்ந்திருப்பதால், 2021 சூலையில் பற்றிய தீ த்ரமுந்தானாவின் வேகத்தில் இச்சரிவுகளில் 400 ஹெக்டேருக்கும் மேல் எரித்தது. பசுங்கொடிகள் நிற்கும் அடுக்குகளிலும் ஆடு மாடு மேயும் நிலத்திலும் நெருப்பு வேகம் இழக்கிறது. கொடிகளுக்கு நடுவே கல் அடுக்கிக்கொண்டிருப்பவர்கள் மதுவுக்காகவும் உழைக்கிறார்கள், அடுத்த கோடையின் தீயைத் தடுக்கவும் உழைக்கிறார்கள்.